பேட்ஜ் வைத்தியம்

பெற்றோர்களை எப்படி அடக்குவது என்பதைத் தலைமையாசிரியை அம்மையார் ஒரு விசிலை வைத்துத்தான் கற்றுக்கொண்டார்.

சோபாக் கடை வைத்திருக்கும் ஓர் அப்பா. அவருடைய பையன் ஐந்தாம் வகுப்பு. அந்த மனிதர் காலையில் பையனை இறக்கிவிட்ட கையோடு அலுவலக அறைக்குள் புகுந்து, வாசலில் கார்கள் தாறுமாறாக நிற்கின்றன, பள்ளிக்கூடம் என்ன தூங்குகிறதா என்று தொண்டை கிழியக் கத்துவார். தாறுமாறாக நிற்கிற கார்களில் முதல் கார் அவருடையதுதான். தினமும் இந்தக் கச்சேரியைக் கேட்டுக் கேட்டு அம்மையாருக்குக் காது புளித்துவிட்டது. ஒருநாள் மேசை இழுப்பறையைத் திறந்து, விளையாட்டு ஆசிரியர் போட்டுவிட்டுப் போன பழைய விசில் ஒன்றை எடுத்தார். ‘வாசல் பொறுப்பாளர்’ என்று ஒரு அட்டையில் அச்சடித்து, அலுவலக லேமினேட்டரில் கொடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்து, நாடாவில் கோத்து நீட்டினார்.

“சார், உங்கள மாதிரி ஒருத்தர் இல்லாமதான் இந்த ஸ்கூலே தவிச்சுக்கிட்டு இருக்கு,” என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். சோபாக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அவர் வெயிலில் நின்று விசில் ஊதினார். தன் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். புகார் என்ற பேச்சே இல்லை. வாசலில் மாற்றி மாற்றி நின்று கால் வீங்கிப்போயிருந்த ஆசிரியர்களுக்கும் நிம்மதி.

அம்மையாருக்குத் தன் புத்திசாலித்தனத்தில் அபார நம்பிக்கை. இந்த வைத்தியம் ஒருத்தருக்குப் பலித்தால் ஊருக்கே பலிக்காதா? குடிநீர்க் குழாயைப் பற்றி ஓயாமல் நச்சரித்த ஓர் அம்மாவைத் ‘தண்ணீர் பொறுப்பாளர்’ ஆக்கினார். சாப்பாட்டு அறையில் சத்தம் அதிகம் என்று வந்தவர் ‘உணவு நேர ஒழுங்கு’ ஆனார். நூலகத்தில் தூசி என்று தும்மிக்கொண்டே வந்தவருக்கு நூலகத்தையே கழுத்தில் மாட்டிவிட்டார். யாராவது குரலை உயர்த்தினால் அம்மையாரின் கை தானாக லேமினேட்டரின் பொத்தானுக்குப் போகும். அது சூடாகி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் குளிர்ந்துவிடுவார். இப்படியாகத்தான் ‘பெற்றோர் தொண்டர் குழு’ பிறந்தது. பிறந்த கதை அதில் இருந்த யாருக்கும் தெரியாது. ஆளாளுக்குத் தங்கள் திறமையைக் கண்டுதான் பள்ளி தங்களைத் தேடி வந்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டபின் அம்மையார் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதைக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அதற்கு உதவித் தலைமையாசிரியர் இருந்தார். தலையாட்டுவதற்கென்றே கழுத்தை வாங்கி வந்த மனிதர். “இந்தப் பெத்தவங்க இருக்காங்களே, கழுத்துல ஒரு நாடாவ மாட்டிவிட்டா போதும், வாயே தொறக்க மாட்டாங்க. கைக்குழந்தை வாயில ரப்பர் நிப்பிள் வைக்கற மாதிரி,” என்பார் அம்மையார். உதவித் தலைமையாசிரியர் தலையை ஆட்டுவார். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. விசில், தண்ணி மகராணி, தும்மல். மதியச் சாப்பாட்டுக்கு இதுதான் தொட்டுக்கொள்ள.

அம்மையார் மதிக்காதது பெற்றோர்களை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசிரியர்களில் பாதிப் பேர் தண்டம், மீதிப் பேர் சோம்பேறிகள் என்பது அவர் கணக்கு. பள்ளியின் தாளாளரை, அப்பா கட்டிவைத்த கட்டடத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்க்கிறவர் என்பார். அவர் மனதார மதித்தது ஒரே ஒருத்தியைத்தான். அது கணக்கு டீச்சர்.

அதற்குக் காரணம் இருந்தது. அம்மையாரின் மகள் இதே பள்ளியில் படித்தபோது, கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே வயிற்று வலி வந்து சுருண்டு படுத்துக்கொள்கிற பெண்ணாக இருந்தாள். தலைமையாசிரியையின் மகள் கணக்கில் முட்டை என்று பள்ளி முழுக்கச் சிரிப்பு. கணக்கு டீச்சர் யாரும் கேட்காமலே, சாயங்காலங்களில் ஆசிரியர் அறையின் மூலையில் அவளை உட்காரவைத்து, தப்பான கணக்கைத் தப்பில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பப் போடவைத்தாள். திட்டவும் மாட்டாள், கொஞ்சவும் மாட்டாள். “இன்னொரு தடவ” என்பாள், அவ்வளவுதான். அந்தப் பெண் இன்று வெளியூரில் பொறியியல் படிக்கிறது. அம்மையார் யாரிடமும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனால் கணக்கு டீச்சரை மட்டும் ‘நீ, வா, போ’ என்று கூப்பிட்டார். அவரிடம் அது பெரிய மரியாதை.

வினை ஒரு கனசதுரத்தின் வடிவில் வந்தது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அட்டையில் அளந்து, வெட்டி, ஒட்டி ஒரு கனசதுரம் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தாள் கணக்கு டீச்சர். எல்லாப் பிள்ளைகளும் கோணலும் மாணலுமாகப் பசை ஒழுகக் கொண்டுவந்தார்கள். ஒரு பல் டாக்டரம்மாவின் மகள் மட்டும், பல் செட் செய்கிற வெள்ளைப் பொடியைக் குழைத்து வார்த்த கனசதுரம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பளபளவென்று மெருகேற்றியது. சிரித்தால் பல் தெரியும்போல இருந்தது.

“இது யாரு செஞ்சது?” என்று கேட்டாள் டீச்சர்.

பெண் நல்ல பெண். பொய் வரவில்லை. “அம்மா கிளினிக்ல பல்லு செய்யற அண்ணன் செஞ்சாரு.”

“அந்த அண்ணன் நல்லா செஞ்சிருக்காரு. அவருக்கு முழு மார்க்குன்னு சொல்லிடு. நீ நாளைக்கு அட்டையில செஞ்சு கொண்டா. கோணலா இருந்தாலும் பரவால்ல.”

வகுப்பு சிரித்தது. அந்தப் பெண்ணும் சேர்ந்துதான் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அதே சிரிப்போடு அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பல் டாக்டரம்மா தொண்டர் குழுவின் தலைவி. அவர் யாரிடமும் கத்த மாட்டார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி கிடக்கிற, பதில் பேச முடியாத மனிதர்களிடமே பேசிப் பேசிப் பழகியதால், தான் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசலாம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அலுவலக அறைக்கு வந்து புன்னகையோடு உட்கார்ந்தார்.

“என் பொண்ண எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தியிருக்காங்க, மேடம். மனசு ஒடஞ்சுபோச்சு.”

“யாருக்கு, குழந்தைக்கா?” என்று கேட்க அம்மையாருக்கு நாக்கு துடித்தது. கேட்டிருக்கலாம். அல்லது, என் டீச்சர் செய்தது சரி, உங்கள் பெண் அட்டையை வெட்டட்டும் என்று நேராகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். கையில் கத்தரிக்கோல் பிடிக்கக்கூட விடாமல் பிள்ளையை வளர்க்கிற ஒரு டாக்டருக்கு இதைச் சொல்ல என்ன தயக்கம்? தயக்கம் ஒன்றுமில்லை. அலட்சியம். இவளோடெல்லாம் யார் மல்லுக்கட்டுவது என்ற அலட்சியம். கை லேமினேட்டருக்குப் போய்விட்டது.

“டாக்டர், நீங்க சொல்றது ரொம்ப முக்கியமான விஷயம். வகுப்புல என்ன நடக்குதுன்னு உங்கள மாதிரி படிச்சவங்க நேர்ல பாக்கணும். குழுவுலேர்ந்து வாங்க, பின்னால உக்காந்து பாருங்க,” என்று சொல்லி, ‘வகுப்புப் பார்வையாளர்’ என்று அச்சடித்துக் கொடுத்தார். சூடு ஆறாத அட்டையைப் பல் டாக்டரம்மா அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் போனதும் உதவித் தலைமையாசிரியர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையை வேறு பக்கமாக ஆட்டினார். “மேடம், வாசல் வேற, வகுப்பு வேற.”

“அட, விடுங்க சார். அந்த மரப் பெஞ்சுல ரெண்டு நாள் உக்காந்து பின்னம் தசமம்னு கேட்டா தூக்கம் சொக்கும். அப்புறம் இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டாங்க.”

அவர்கள் தூங்கவில்லை. சோபாக்காரர் கடையிலிருந்து மெத்தை வைத்த நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார். பெஞ்சுதானே தடை என்று அம்மையார் நினைத்தது? அது அன்றைக்கே தீர்ந்தது. வகுப்பின் கடைசியில், பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால், குழு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. கணக்கு டீச்சர் ஒரு கேள்வி கேட்டால் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பதை விட்டுப் பின்னால் திரும்பினார்கள். சோபாக்காரர் தன் பையனுக்குக் கைவிரல்களை விரித்து விடை காட்டுவார். பெரும்பாலும் தப்பான விடை. பல் டாக்டரம்மா உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுப்பார். டீச்சர் ஒரு பிள்ளையிடம் “இன்னொரு தடவ” என்றால் பின்னாலிருந்து பெருமூச்சு கேட்கும். பிள்ளைகளும் சும்மா இல்லை. டீச்சருக்கு மேலே ஒரு ஆள் உண்டு என்று தெரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு எத்தனை நேரம் ஆகும்?

கணக்கு டீச்சர் அலுவலக அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“மேடம், நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். வெளிய போயிடுவாங்க.”

“அடியே, நீ எதுக்கு இதப் பெருசா எடுத்துக்கற? அதுங்களுக்கு என்ன தெரியும்? பொம்ம குடுத்து உக்கார வச்சிருக்கேன். கொஞ்ச நாள் வெளையாடிட்டுத் தானா ஓடிடும்.”

“அது வெளையாட்டுன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே மேடம்.”

“தெரியாம இருக்கறதுதான்டி நமக்கு நல்லது,” என்று அம்மையார் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

பள்ளிப் பொதுக்கூட்டம் அந்த மாதக் கடைசியில். அரங்கில் விசிறிகள் சுற்றின. மேடையில் தாளாளர், அவர் பக்கத்தில் அம்மையார். பின்வரிசையில் ஆசிரியர்கள், அவர்களுக்கு நடுவே கணக்கு டீச்சர். முன்வரிசை முழுக்கக் கழுத்து நாடாக்கள். பல் டாக்டரம்மா எழுந்து ஒலிவாங்கியைக் கையில் வாங்கி, யாரும் குறுக்கிடப் போவதில்லை என்ற நிம்மதியோடு பேசினார்.

“நாங்க யாரையும் வேலைய விட்டு அனுப்பச் சொல்லல. அஞ்சாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர மாத்துங்கன்னுதான் கேக்கறோம். ஒரே கணக்கத் திரும்பத் திரும்பப் போடச் சொல்றாங்க. குழந்தைங்க வாடிப்போயிடறாங்க. இது எங்க பார்வையாளர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு.”

சோபாக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். “என் பையன் ராத்திரி தூக்கத்துல ஏழெட்டு அம்பத்தாறுன்னு பொலம்பறான் சார்!”

அதற்குமுன் அந்தப் பையனுக்கு விழித்திருக்கும்போதுகூட அது தெரியாது. இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அரங்கில் அனுதாப முணுமுணுப்பு எழுந்தது.

அம்மையார் எழுந்தார். இதற்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்து நின்றார். “வகுப்புல யார் பாடம் நடத்தணும், எப்படி நடத்தணும்ங்கறத பள்ளிதான் முடிவு பண்ணும். பெத்தவங்க இல்ல.”

பின்வரிசையில் ஆசிரியர்கள் தலைநிமிர்ந்தார்கள். கணக்கு டீச்சரின் முகம் தெளிந்தது.

“நிச்சயமா, மேடம்,” என்றார் பல் டாக்டரம்மா, புன்னகை மாறாமல். “பள்ளிதான் முடிவு பண்ணணும். அதனாலதானே பள்ளி எங்கள வகுப்புக்குள்ள உக்காரச் சொல்லிச்சு? நாங்களா வரலையே. நீங்கதான் கூப்பிட்டு, உங்க கையால குடுத்தீங்க. எங்க கருத்துக்கு மதிப்பு இல்லன்னா அப்புறம் எதுக்கு எங்களப் போட்டீங்க?”

தாளாளர் கடிகாரத்திலிருந்து பார்வையைத் திருப்பினார். “ஆமா, எதுக்குப் போட்டீங்க?”

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. உங்கள் வாயை அடைக்கத்தான் போட்டேன், அந்த அட்டைக்கு ஒரு மதிப்பும் கிடையாது, அதை வைத்து என் டீச்சரைத் தொட உங்களுக்கு அதிகாரமில்லை. இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். கணக்கு டீச்சர் வகுப்பில் இருந்திருப்பாள். ஆனால் சொல்வதற்கு முன் அம்மையார் முன்வரிசையைப் பார்த்துவிட்டார். சோபாக்காரர் விசிலைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நின்று கறுத்த முகம். தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்த ஒரே இடம் இந்தப் பள்ளிதான் என்று நம்புகிற முகம். அவர் ஒருத்தர் மட்டும் இல்லை, அப்படி ஒரு வரிசையே. இத்தனை நாளும் உங்களைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன் என்று இவர்களிடம் சொல்ல நெஞ்சில் கொஞ்சம் உரம் வேண்டும். அடுத்தவரை இளக்காரமாக நினைப்பதற்கு அந்த உரம் தேவைப்படுவதில்லை. அதனால் அம்மையாரிடம் அது இல்லை.

“மதிப்பு இல்லாமயா, டாக்டர்?” என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. “உங்க கருத்துக்கு ரொம்ப மதிப்பு இருக்கு. பள்ளி அத ஏத்துக்குது.”

கைதட்டினார்கள். சோபாக்காரர் உற்சாகம் தாங்காமல் விசில் ஊதினார். பின்வரிசையைப் பார்க்கிற தைரியம் அம்மையாருக்கு வரவில்லை.

சாயங்காலம் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பள்ளித் தோழி யாரோ சொல்லியிருக்கிறாள்.

“அம்மா, கணக்கு மிஸ்ஸ மாத்தப் போறாங்கன்னு சொல்றாளே. நெசமா?”

“மாத்தறதெல்லாம் இல்ல. அவளுக்கு மேல ஒரு பொறுப்பு குடுக்கறேன். நல்ல பொறுப்பு.”

“கிளாஸ் எடுப்பாங்கல்ல?”

“நீ சாப்ட்டியா?” என்றார் அம்மையார்.

“நீ அவங்களுக்காக ஒரு வார்த்த பேசியிருப்பல்லம்மா?” என்று கேட்டாள் மகள். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி அம்மையார் தொலைபேசியை வைத்தார். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

மறுநாள் காலை கணக்கு டீச்சரை அலுவலக அறைக்கு அழைத்தார். வாசலில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேசையில் லேமினேட்டர் சூடாக இருந்தது.

“உக்காருங்க,” என்றார்.

அந்த ‘ங்க’ டீச்சருக்கு உறைத்தது. உட்கார்ந்தாள்.

“பாருங்க, ஒரு வகுப்புல கெடந்து அல்லாடறதுக்கு நீங்க பெரிய ஆளு. மொத்தப் பள்ளிக்கும் நீங்க வேணும். எல்லா வகுப்புக் கணக்குப் பாடத்தையும் மேற்பார்வ பாக்கறதுக்கு உங்கள மாதிரி ஒருத்தர் இல்லாமதான் இந்த ஸ்கூலே...”

சொல்லிக்கொண்டு வரும்போதே அம்மையாருக்குத் தெரிந்துவிட்டது, இந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று. நிறுத்தத் தெரியவில்லை. கை அதன் பாட்டுக்கு அட்டையை நாடாவில் கோத்து நீட்டியது. ‘கணித ஒருங்கிணைப்பாளர்.’

டீச்சர் அதை வாங்கவில்லை. அழவும் இல்லை. தப்பான கணக்கு ஒன்றைப் பார்ப்பதுபோல நிதானமாக அதைப் பார்த்தாள்.

“எனக்குமா மேடம்?”

அம்மையார் அட்டையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

“அவங்களப் பத்தி நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். என்னப் பத்தி வேற மாதிரி நெனைக்கறீங்கன்னு இருந்தேன்,” என்று சொல்லி எழுந்தாள். “இந்த வாரத்தோட நின்னுக்கறேன். அதுவரைக்கும் ஆறாம் வகுப்புக்குப் பாடம் பாக்கி இருக்கு. முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்.”

சொன்னபடி முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். வேறொரு பள்ளியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். நல்ல கணக்கு டீச்சர் வீட்டில் சும்மா இருக்க எந்த ஊரும் விடாது.

ஆனால் பருவத்தின் நடுவில் அம்மையாருக்கு இன்னொரு டீச்சர் கிடைக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள், வகுப்பின் பின்னால் மெத்தை நாற்காலிகளைப் பார்த்ததும் வணக்கம் சொல்லித் திரும்பிப் போனார்கள். ஐந்தாம் வகுப்பு மணிக்கணக்கில் டீச்சர் இல்லாமல் கிடந்தது. பிள்ளைகள் மேசைமேல் ஏறினார்கள். தாளாளர் ஆள் அனுப்பிக் கேட்டார். உதவித் தலைமையாசிரியர், தனக்குக் கணக்கு வராது என்று பெருமையாகவே சொன்னார். வேறு வழியில்லாமல் ஒரு காலை அம்மையாரே சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்குப் போனார்.

அவர் மொழிப்பாட ஆசிரியையாக இருந்து மேலே வந்தவர். பின்னங்களைக் கூட்டிப் பல வருடம் ஆகியிருந்தது. கரும்பலகையில் இரண்டு பின்னங்களை எழுதி, நடுவில் கூட்டல் குறியைப் போட்டு, கீழே இருப்பதை என்ன செய்வது என்று யோசித்தார். முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கும் சத்தம் கேட்டது. திரும்பினார். குழு வந்து உட்கார்ந்திருந்தது. பல் டாக்டரம்மா காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார். பிள்ளைகள் அம்மையாரைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

“முதல்ல, கீழ இருக்கற எண்ண...” என்று ஆரம்பித்தார் அம்மையார்.

“மேடம்,” என்றார் பல் டாக்டரம்மா, அதே புன்னகையோடு. “பின்னால கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

வெளியே போங்கள் என்ற வார்த்தை அம்மையாரின் தொண்டைவரை வந்தது. அது அவருடைய பள்ளி. அவருடைய வகுப்பு. சொல்ல வேண்டிய வார்த்தை, எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. பிள்ளைகள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முதல்ல, கீழ இருக்கற எண்ண சமமாக்கணும்,” என்றார், சத்தமாக.

“போர்ட மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்,” என்றார் சோபாக்காரர்.

அம்மையார் தள்ளி நின்றார்.